கை தட்டி வீடு பார்த்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன ஆடியிலிருந்து மாசி வரைக்கும் நான் கொல்லிமலையில் வீடு தேடி அலைந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "சாருக்கு ரிசார்ட் ஆசை வந்துடுச்சு" என்று பழைய மாணவர் ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். ரிசார்ட் இல்லை தம்பி. எங்கள் அம்மாவின் பாட்டைப் பதிவு செய்ய ஓர் அறை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 84 வயது. பிறந்தது கொல்லிமலை, வளப்பூர் நாடு. (மலையில் ஊர்களைத் தொகுத்து 'நாடு' என்று சொல்வது வழக்கம். வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று பல உண்டு. அறப்பளீசுவரர் கோயில் இருப்பது வளப்பூர் நாட்டில்தான்.) அப்பா காலமான பிறகு என்னோடு நாமக்கல்லில் இருக்கிறார். தாலாட்டு, சாமைக் காட்டில் களை எடுக்கும்போது பாடுவது, உரலில் குத்தும்போது பாடுவது, ஒப்பாரி என்று எத்தனையோ பாட்டு தெரியும். எதுவும் ஏட்டில் இல்லை, எல்லாம் வாய்ப்பாடம். 34 வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். ஆண்டு விழாவுக்கு ஊர் ஊராகப் பாட்டுக்காரரைத் தேடிப் போயிருக்கிறேன். வீட்டில் இருந்தவரை ஒருநாள்கூட மேடையேற்றியதில்லை.

போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம், அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அம்மா ஒரு தாலாட்டை முழுசாகப் பாடினார். தாய்மாமன் சீர் கொண்டு வருகிற பாட்டு. நான் போனில் பதிவு செய்தேன். நாமக்கல் எதற்குப் பேர் போனது என்று உங்களுக்குத் தெரியும். லாரிக்கும் முட்டைக்கும். எங்கள் தெரு முனையில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. போட்டுக் கேட்டால் அம்மாவின் குரலோடு சுத்தியல் சத்தம், நடுவில் ஏர் ஹாரன் வேறு. எரிச்சலில் அந்தப் பதிவை அழித்துவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ஹாரன் மட்டும் பிரச்சினை இல்லை. எங்கள் வீடு புது வீடு. வழவழப்பான டைல்ஸ் தரை, பட்டி பார்த்த சுவர், கான்கிரீட் கூரை. அம்மாவே ஒருநாள் சொன்னார்: "இங்க பாடுனா சத்தம் சொவத்துல முட்டி எங்கிட்டயே வருது சாமி. எங்க ஊட்டுல இப்படி இருக்காது."

எங்க ஊட்டுல என்றால் மலையில் அவர் பிறந்த வீடு. அன்றைக்கு அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார்: சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிவிடுங்கள், ஸ்டுடியோ ஆகிவிடும். நாமக்கல்லில் முட்டை அட்டைக்கா பஞ்சம்? நண்பர்களே, இதை எத்தனையோ பேர் நம்புகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். முட்டை அட்டை மெல்லிய காகிதக் கூழ். கீச்சென்ற ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. லாரி ஹாரன் அதை ஒரு பொருட்டாகவே மதிக்காது. தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும், அது வேறு.

இரண்டு விஷயத்தை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று. அதற்கு எடை வேண்டும்: கனமான சுவர், இடுக்கில்லாத கதவு. உள்ளே எழும் ஒலி திரும்பத் திரும்ப மோதாமல் அடங்குவது இன்னொன்று. அதற்கு மெத்தென்ற பொருள் வேண்டும்: பஞ்சு, துணி, சாக்கு. இரண்டாவதை நாலு மெத்தை, நாலு போர்வையை வைத்துச் சமாளிக்கலாம். முதலாவதை வாடகை வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வீடு தேடும்போது அமைதி முதலில், எதிரொலி அடுத்தது. இந்த வரிசையை நான் புரிந்துகொள்ளவே இரண்டு வீடு ஆனது.

வீட்டில் பாட்டுப் பதிவு செய்வது ஒன்றும் புதிதில்லை. 1902-இல் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் பாட்டைப் பதிவு செய்தது ஓர் ஓட்டல் அறையில்தான். ஏ.ஆர்.ரகுமான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் கூடத்தை அமைத்தார். 1992-இல் 'ரோஜா' வந்தது. என் பேத்தி சொல்லித்தான் தெரியும், அமெரிக்காவில் பில்லி ஐலிஷ் என்ற பெண் அண்ணனின் படுக்கையறையில் பதிவு செய்த ஆல்பம் 2020-இல் கிராமி விருது வாங்கியிருக்கிறது. "அப்ப கொள்ளுப்பாட்டிக்கும் வாங்கிடலாம் தாத்தா" என்றாள்.

சரி, மலைக்கு வருவோம். 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் நாமக்கல்லின் இரைச்சல் கீழேயே நின்றுவிடும் என்பது என் கணக்கு.

முதல் வீடு செம்மேட்டுக்குப் பக்கம். புத்தம் புதுசு. பெரிய கண்ணாடிச் சன்னல், வெளியே மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். பார்த்ததும் விழுந்துவிட்டேன். நடுக்கூடத்தில் நின்று ஒரு தடவை கை தட்டினேன். 'டிர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் ஓடியது. எதிரெதிரே இருக்கும் இரண்டு வழவழப்பான சுவர்களுக்கு இடையில் ஒலி பந்து மாதிரி போய்ப் போய் வருவதால் உண்டாவது அது. அறை வேறு நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி, சதுரப் பெட்டி மாதிரி. அப்படி இருந்தால் குறிப்பிட்ட சில தாழ்ந்த ஒலிகள் மட்டும் மூன்று பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து முழங்கும். பத்தடிக்கு அது ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ். அம்மா குரல் அவ்வளவு கீழே போகாது. ஆனால் தவிலோ பறையோ வாசிக்கிறவர்கள் பெட்டி அறையைத் தவிர்ப்பது நல்லது.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியதுதான். சரிசெய்ய முடியாதது வாசலில் இருந்தது. வீட்டை ஒட்டி ரோடு திரும்புகிறது. ஒவ்வொரு வண்டியும் அங்கே கியர் மாற்றி, ஹாரன் அடித்துத்தான் திரும்பும். சனி ஞாயிறு ஆகாய கங்கைக்குப் போகும் வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. போதாக்குறைக்கு நூறடி தள்ளி ஒரு டிரான்ஸ்பார்மர் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்பார்மர் முனகுவது அதன் இரட்டிப்பில், 100 ஹெர்ட்ஸில். மைக் இதையெல்லாம் விடாமல் வாங்கிக்கொள்ளும். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது வீடு சோளக்காட்டைத் தாண்டி, காபித் தோட்டத்துக்குள். ரோடு இல்லை, டிரான்ஸ்பார்மர் இல்லை. தகரக் கூரை, சின்ன வீடு. உள்ளே போய் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தேன். ஒரு சத்தம் இல்லை. அன்றைக்கே ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பெரிய சாதனை செய்தவன் போல மலையிறங்கினேன்.

ஆயுதபூசை விடுமுறைக்கு வந்த பேத்தியை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். வாசலில் கால் வைத்தவுடன் காதைப் பொத்திக்கொண்டாள்.

"தாத்தா, இவ்ளோ கீங்கீன்னு கத்துதே, இங்கயா ரெக்கார்டு பண்ணப்போறோம்?"

"என்ன கத்துது?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. போனில் ஒலி அலையைப் படமாகக் காட்டும் செயலியைத் திறந்து நீட்டினாள். அடியிலிருந்து நடு வரைக்கும் திரை சும்மா கிடந்தது. மேலே, 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டி, தடித்த பட்டையாக ஒரு கோடு. சில்வண்டு. தோட்டம் முழுக்கச் சில்வண்டு.

மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். வயதாக ஆக மேல்பக்கம் தேய்ந்துகொண்டே வரும் என்றும் சொல்லியிருக்கிறேன். அது என் காதுக்கும் பொருந்தும் என்று தோன்றவே இல்லை. கீழே வந்து காதைப் பரிசோதித்தால், 4,000-க்கு மேல் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கியிருந்தது. அமைதியான வீடு என்று நான் அட்வான்ஸ் கொடுத்தது உண்மையில் என் காதின் அமைதிக்கு.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. வெயில் ஏற ஏறத் தகரம் விரிந்து 'டிக் டிக்' என்று தெறித்தது. வீட்டுக்காரரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்: "பாட்டு புடிக்கவா? மொதல்லயே சொல்லியிருக்கலாமே வாத்தியாரே. மழ பேஞ்சா இதுக்குள்ள நாங்க பேசுறதே எங்களுக்குக் கேக்காது." அட்வான்ஸை அப்படியே திருப்பிக் கொடுத்தார். ஒரு வீடு எப்படிச் சத்தம் போடும் என்று அதில் குடியிருப்பவருக்குத் தெரியும். நான் வாடகை கேட்டேன், தண்ணீர் வருமா என்று கேட்டேன், அதை மட்டும் கேட்கவில்லை.

அதன் பிறகு மழை, பேருந்து, என் முழங்கால் என்று மாதங்கள் ஓடின. தை பிறந்தபோது அம்மா மறுபடி சொன்னார்: "எங்க ஊட்டுக்குத்தான் போயேன்." இந்தத் தடவை போனேன்.

அந்த வீட்டில் இப்போது மாமா மகன் குடும்பம் இருக்கிறது. முன்பக்கம் கான்கிரீட் ஆகிவிட்டது. பின்னால் ஓர் உள் அறை மட்டும் பழையபடி நிற்கிறது. ஒன்றரை அடி கனத்தில் மண் சுவர், நாட்டு ஓடு, மேலே மரப்பரண், சாணம் மெழுகிய தரை. சுவரோரம் சாமை மூட்டையும், காயவைத்துக் கட்டிய மிளகு மூட்டையும் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். கை தட்டினேன். 'டப்' என்று ஒரே சத்தம், அதோடு முடிந்தது. இன்னொரு தடவை தட்டினேன். "என்ன மச்சான், எலி ஓட்டுறீங்களா?" என்றான் மாமா மகன்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசினால் யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஒலி ஐந்து வினாடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து, ராத்திரி ஊர் அடங்கிய பிறகு ஓர் ஆர்கன் குழாயை ஊதி, நிறுத்துக்கடிகாரத்தோடு உட்கார்ந்து அளந்தார். மெத்தை கூடக்கூட ஒலி சீக்கிரம் அடங்கியது. அதிலிருந்து பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

கணக்கு எளிது. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறை ஒலியை உறிஞ்சும் அளவால் வகுக்க வேண்டும். 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 34 கன மீட்டர். டைல்ஸும் பட்டியும் போட்ட வெற்று அறை, ஒலியைப் பொறுத்தவரை 2 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். ஒலி அடங்க 2.7 வினாடி ஆகும். துணியும் சாக்கும் சேர்த்து அதை 10 ஆக்கினால் அரை வினாடிதான். பேச்சுக்கும் தனிக்குரல் பாட்டுக்கும் அரை வினாடி போதும்.

சபைனுக்கு இருக்கை மெத்தை. எங்களுக்குச் சாமை மூட்டை.

மாசியில் மூன்று நாள் பதிவு செய்தோம். விடியலில் பறவை, காலையில் சேவல், மாலையில் சில்வண்டு. பகல் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில்தான் அங்கே மலை கொஞ்சம் மூச்சை அடக்கியது. பிரிட்ஜை நிறுத்தினோம். போன்களை விமானப் பயன்முறையில் போட்டோம். மைக்கை அம்மா வாயிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தாள் பேத்தி. தூரம் பாதியானால் நேரே வரும் ஒலியின் செறிவு நான்கு மடங்கு, அறையின் எதிரொலியோ ஏறாமல் அப்படியே இருக்கும். 1902-இல் கௌஹர் ஜான் கூம்புக் குழாயின் வாயருகே நின்று பாட வேண்டியிருந்ததை நினைத்துக்கொண்டேன்.

கொல்லிமலைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு பழையது. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணர், புறநானூற்றில் தன்னோடு வந்தவர்களிடம் முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று ஒரு கச்சேரிக்கே ஆயத்தம் செய்யச் சொல்கிறார். அது நடப்பது காட்டில். காட்டுக்குச் சுவர் ஏது, எதிரொலிக் கவலை ஏது.

ஒன்பது பாட்டு கிடைத்தது. குரல் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பாடுவது போல வந்திருக்கிறது. நாமக்கல் வீட்டில் தொண்டையைச் செருமிச் செருமிப் பாடியவர், இங்கே தணிவாகவே பாடினார்.

பங்குனியில் மறுபடி போனபோது மிளகு மூட்டை சந்தைக்குப் போயிருந்தது. அதே அறை, அதே மைக், ஆனால் குரல் தூரமாகிவிட்டது. சுவரில் இரண்டு பவானி ஜமுக்காளத்தை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு ஓரளவு சரிசெய்தோம். இன்னும் நான்கு பாட்டு. ஆக 13.

இப்போது அந்தத் தாலாட்டுக்கு வருகிறேன். தாய்மாமன் சீர் பாட்டு. அம்மாவிடம் கேட்டேன். நான்கு கண்ணி பாடினார், நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றது. "இதுக்கப்பறம் என்னமோ வருஞ்சாமி... உங்க சின்னம்மாளுக்குத் தெரியும்." சின்னம்மா போய் ஆறு வருடம் ஆகிறது.

போன ஆடியில் அடுப்படியில் முழுசாகப் பாடியது அந்தப் பாட்டைத்தான். ஹாரன் கேட்கிறது என்று நான் அழித்தது அந்தப் பதிவைத்தான். போன் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கிடைக்கவில்லை. எனக்கு நல்ல அறை தேட ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் அம்மாவுக்கு எத்தனை கண்ணி மறந்ததோ, எண்ணிப் பார்க்கக்கூட வழியில்லை.

இனி வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு, என் செலவில் நான் கற்றது:

1. இன்றைக்கே, இருக்கிற இடத்திலேயே, இருக்கிற போனில் ஒரு பதிவு எடுத்துவையுங்கள். ஹாரன் இருந்தாலும் அழிக்காதீர்கள்.

2. காலை, பகல், இரவு என மூன்று வேளையும் வீட்டைப் போய்க் கேளுங்கள். முடிந்தால் மழை நாளிலும்.

3. இரண்டு நிமிடம் சும்மா பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்கள். 50 வயது தாண்டியவர்கள் ஒரு பள்ளிப் பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள்.

4. கை தட்டிப் பாருங்கள். 'டப்' நல்லது. 'டிர்ர்' என்றால் மெத்தை, ஜமுக்காளம், துணி அலமாரி, மூட்டை எதையாவது சேர்க்க வேண்டும்.

5. பெட்டி போன்ற சதுர அறை, தகரக் கூரை, ரோட்டு வளைவு, டிரான்ஸ்பார்மர், மோட்டார் ரூம் வேண்டாம்.

6. என்ன வேலைக்கு வீடு வேண்டும் என்று அதில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

7. பாடுகிறவருக்கு எந்த இடம் பிடிக்கிறது என்று முதலில் கேளுங்கள். நான் அதைக் கடைசியில்தான் கேட்டேன்.

கொல்லிமலை நண்பர்களுக்கும், மலையிலிருந்து இறங்கி வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அத்தை, பாட்டி யாருக்காவது தாய்மாமன் சீர் கொண்டுவரும் அந்தத் தாலாட்டு தெரிந்திருக்கலாம். தெரிந்தால் அறை பார்க்காதீர்கள், கை தட்டிப் பார்க்காதீர்கள். அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கேயே போனை வைத்துப் பாடச் சொல்லுங்கள். சேவல் கூவினாலும் பரவாயில்லை. எங்கள் அம்மாவுக்கு நாலு கண்ணி எடுத்துக்கொடுத்தால் மீதி தானாக வந்தாலும் வரும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் இயற்பியல் வாத்தியார்,
நாமக்கல்.